காணிப்பாக்கத்தில் இறங்கி நடப்போம்

காணிப்பாக்கம் என்றவுடன் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நினைவில் எழுவன விநாயகர் சந்நிதியும், நீண்ட வரிசையும், பிரசாதப் பொட்டலமுமே. காலையில் பஸ்ஸில் வந்து இறங்குகிறோம். தரிசனம் முடித்து அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறோம். அவ்வூரைச் சூழ்ந்துள்ள கரும்பு வயலையும் மாந்தோப்பையும் கண் கொண்டு பார்ப்பவர் மிகச் சிலர்.

பிழைப்பின் பொருட்டுச் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் குடியேறிய நமது வாழ்க்கை குவார்ட்டர்ஸ், ஸ்டேஷன், பள்ளிக்கூடம், கடைத்தெரு என்ற நான்கு மூலைகளுக்குள் அடங்கிவிடுகிறது. விடுமுறை வந்தால் சொந்த ஊருக்கு ரயில் ஏறுகிறோம். பத்தாண்டுகள் இங்கே வசித்த பின்னும், "நாம் இருக்கும் இந்த ஊர் எப்படிப்பட்டது?" என்று குழந்தை கேட்டால் விடையளிக்க இயலாத பெற்றோர் நம்மிடையே பலர். ஒரு நிலத்தில் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு அதன் மண்ணை மிதியாமலே வாழ்ந்துவிடலாம். ஆனால் அங்கே வளரும் பிள்ளைகளுக்கு அந்த ஊரும் சொந்தமாவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை காணும் நம் ஊரும் சொந்தமாவதில்லை. இதை எண்ணியே நாங்கள் நால்வரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் சென்று ஓரிடத்தில் இறங்கி நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

ரயில்வே உத்தியோகத்தில் இருக்கும் நாங்கள் இருப்புப் பாதையின் பெருமையைக் குறைத்துப் பேச விரும்பவில்லை. எனினும் காணிப்பாக்கத்துக்கு ரயில் இல்லை. சித்தூரிலோ பாகாலாவிலோ இறங்கிப் பஸ் பிடிக்கத்தான் வேண்டும். சித்தூரிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர். திருப்பதியிலிருந்து 70 கிலோமீட்டர் அளவு. நடக்கப் போகிறவர்கள் எக்ஸ்பிரஸ் பஸ்ஸை விட்டுவிட்டு, 'பல்லெ வெலுகு' என்று எழுதிய சாதாரண பஸ்ஸில் ஏறுதல் நலம். 'பட்டிக்காட்டு வெளிச்சம்' என்பது அப்பெயரின் பொருள். அழகான பெயர்! எக்ஸ்பிரஸ் கண்டுகொள்ளாத சிற்றூர்களிலெல்லாம் அது நின்று நின்று போகும். அவசரக்காரருக்கு அது குறை. நமக்கோ அதுவே வேண்டியது.

2025 ஆகஸ்டு 15 முதல் ஆந்திர அரசு இவ்வகைப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அளித்துள்ளது. ஆனால் இச்சலுகை அம்மாநிலத்தில் குடியிருக்கும் பெண்களுக்கே உரியது. அதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். அட்டையில் இன்னும் சொந்த ஊர் விலாசத்தையே வைத்துக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பெண்மணிகள் டிக்கெட் வாங்கியே செல்ல நேர்கிறது. இங்கே நிலையாக வாழ்வோர் விலாசத்தை மாற்றிக்கொள்வதில் தயக்கம் காட்ட வேண்டுவதில்லை.

காணிப்பாக்கத்தின் பெயரையே முதலில் கவனியுங்கள். கண்ணிழந்த ஒருவர், காது கேளாத ஒருவர், பேச இயலாத ஒருவர் ஆகிய மூன்று சகோதரர்கள் கிணறு தோண்டியபோது விநாயகர் திருவுருவம் வெளிப்பட்டது என்றும், ஊரார் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலம் பரவிற்று என்றும் தலவரலாறு கூறுகிறது. நீர் பாய்ந்ததைக் குறிப்பதே பெயரின் பிற்பகுதி என்று தெலுங்கர் விளக்குவர். நம் செவிக்கோ சேப்பாக்கம், நுங்கம்பாக்கம் என்ற வரிசையில் இன்னொரு பாக்கமாகவே அது ஒலிக்கிறது. காணி என்றால் நில அளவு. உரிமை நிலத்துக்கும் அதுவே பெயர். பழைய கணக்கில் எண்பதில் ஒரு பங்கும் அதுவே. எது சரியான விளக்கம் என்று தீர்ப்புக் கூறுவது எழுத்தர் வேலையன்று. அந்நிய நாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், பஸ் பலகையிலேயே நம் பாட்டன் வாயில் வழங்கிய சொல் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இது வியப்பன்று. 1911-இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததாகவே இருந்தது. பின்னர் எல்லைப் போராட்டங்கள் நடந்தன. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. மனிதர்கள் இடம்பெயராமலே சிலருக்கு மாநிலம் வேறாயிற்று. ஆகவே வரப்பில் எதிர்ப்படும் முதியவரிடம் நாம் தட்டுத் தடுமாறித் தெலுங்கில் வழி கேட்க, அவர் தங்குதடையின்றித் தமிழில் மறுமொழி கூறுவதுண்டு. அப்பொழுது நம் பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே பஸ் ஏறலாம்.

கோயிலை அடுத்துள்ளது பாகுதா ஆறு. பெயர்தான் ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணலே. சங்கர், லிகிதர் என்ற இரு சகோதரர்களின் கதையை இவ்வாற்றோடு சேர்த்துச் சொல்வர். பசி தாளாத தம்பி பிறர் தோட்டத்து மாங்கனியைக் கேளாமல் பறித்தான். அரசன் அவன் கைகளை வெட்டுவித்தான். இவ்வாற்றில் மூழ்கியதும் கைகள் மீண்டன. கையைத் தந்தமையால் பாகுதா. இவ்வட்டாரத்தில் மாந்தோப்பு ஓரமாக நடப்பவர்கள், சிறுவர்களை அழைத்துச் செல்லும்போது, இக்கதையை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம் என்பது எங்கள் அனுபவம்.

மே மாதம் முதல் ஜூலை வரை தோப்புகளில் தொங்குவது பெரும்பாலும் தோத்தாபுரி, அதாவது நம் கிளிமூக்கு மாங்காய். இது கூழாக்கும் ஆலைகளுக்குச் செல்வது. விளைச்சல் மிகுந்தால் உழவனுக்கு மகிழ்ச்சி என்று நகரத்தில் இருந்து எண்ணுகிறோம். 2025-இல் விளைச்சல் மிகுந்து, விலை வீழ்ந்து, ஆலை வாயில்களில் மாங்காய் வண்டிகள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. கிலோவுக்கு 12 ரூபாய் என்று அரசு விலை குறித்து, அதில் 4 ரூபாயைத் தானே தர முன்வந்தது. கடையில் மாம்பழச் சாறு வாங்கிக் குடிக்கும் பிள்ளை அந்தத் தோப்பையும் ஒரு முறை பார்க்கட்டும்.

மழைக்காலம் ஓய்ந்த பின், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையே நடைக்கு உகந்த காலம். கரும்பு வெட்டி ஆலையாடும் பருவமும் அதுவே. கொப்பரையில் பாகு கொதிக்கும் மணம் காற்றில் வருமானால், அத்திசையில் செல்க. அனுமதி கேட்டால் பார்க்க விடுவார்கள், சூடான வெல்லமும் ஒரு துண்டு கிடைக்கும். பஸ் சாலையை விட்டு வெகுதூரம் விலகாமல் சித்தூர்த் திசையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தால் குழந்தைகளுக்குப் போதும். களைத்த இடத்தில் பஸ்ஸுக்குக் கை காட்டலாம். இங்கிலாந்தில் 1949-இல் ஒரு சட்டம் இயற்றி, பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள வயற்பாதைகளைப் படத்தில் குறித்து வைத்தார்கள். இங்கே அத்தகைய படம் இல்லை. வரப்பில் நிற்பவரின் முகமே நமக்குப் படம். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடப்பவரை எவரும் தடுத்ததாக நாங்கள் காணவில்லை.

திருப்பதியில் வசிப்போர்க்குச் சந்திரகிரி அண்மையில் உள்ளது. விசயநகர அரசர்களின் பிற்காலத் தலைநகரங்களுள் ஒன்று அது. கோட்டையும், ராஜமகால், ராணிமகால் என்ற மாளிகைகளும், பின்னே கரும்பாறைக் குன்றும் ஒரு நாளைக்குப் போதுமானவை. அருகிலுள்ள சீனிவாசமங்காபுரம் கோயிலைத் தாண்டிச் சென்றால் ஸ்ரீவாரி மெட்டு என்னும் மலைப்படி வழி, 2388 படிகள். 2021 நவம்பர் வெள்ளத்தில் சிதைந்த இவ்வழி 2022 மே மாதத்தில் சீர்செய்து திறக்கப்பெற்றது. அலிபிரி வழியோ 3550 படிகள் கொண்டது.

மலைக்காட்டை மட்டும் வயல்வெளியாக எண்ணலாகாது. சேஷாசல மலைகளில் சிறுத்தைகள் வாழ்கின்றன. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைவழியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தையால் உயிரிழந்தாள். அதன் பின் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் நடைவழியில் விடுவதில்லை என்று தேவஸ்தானம் விதித்தது. நடப்போர்க்குக் கைத்தடியும் வழங்கிற்று. அவ்வப்போது உள்ள விதியை அடிவாரத்தில் கேட்டறிந்து அதன்படி நடக்க வேண்டும். சிறுவர் கையைப் பெரியோர் விடலாகாது. சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்குக் காணிப்பாக்கத்து வயல்வெளியே ஏற்றது என்று நாங்கள் துணிந்து கூறுவோம்.

தண்ணீரும் கட்டுச்சோறும் எடுத்துச் செல்க. நடக்கத் தொடங்குமுன் ஒரு தெலுங்கு வாக்கியத்தைப் பாடம் செய்துகொள்ளுங்கள்: "சிவரி பஸ்ஸு என்னி கண்டலகு?" கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பது அதன் பொருள். கண்டக்டரிடமும் கேளுங்கள், தேநீர்க் கடையிலும் கேளுங்கள். இருவரும் வேறு வேறு நேரம் சொன்னால் முந்தியதை நம்புங்கள். விநாயக சதுர்த்தியில் தொடங்கி மூன்று வாரம் நடைபெறும் பிரம்மோற்சவத்தின்போது ஊர் முழுவதும் கூட்டமாயிருக்கும். அந்நாட்களில் சந்நிதிக்கு மட்டும் சென்று வருவதே முறை.