காலை வெளிச்சமும் இரத்தச் சர்க்கரையும்

சர்க்கரை நோய் ஒரே நாளில் வருவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே இரத்தத்தில் சர்க்கரை மெல்ல ஏறத் தொடங்கும். வலி இருக்காது. காய்ச்சல் இருக்காது. பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கிறோம். சர்க்கரை அளவு 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 126-ம் அதற்கு மேலும் இருந்தால் சர்க்கரை நோய். இரண்டுக்கும் நடுவே இருந்தால்? நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்தது. நம் நாட்டில் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்த வாசற்படியில் நிற்பதாக அது சொல்கிறது.

வாசற்படியில் நிற்பவர் உள்ளே போயே தீர வேண்டும் என்பதில்லை. திரும்பி வரலாம்.

“காலை வெயிலில் நின்றால் சர்க்கரை குறையுமாமே, உண்மையா?” என்று பலர் கேட்கிறார்கள். கொஞ்சம் உண்மை இருக்கிறது.

விடியப் போவது சேவலுக்குத் தெரிகிறது அல்லவா? அதன் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நமக்குள்ளும் அப்படி ஒன்று உண்டு. இது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும் மூளை ‘விடிந்துவிட்டது’ என்று அறிகிறது. கடிகாரம் சரியாகிறது. வயிற்றின் பின்னால் உள்ள கணையமும் இந்தக் கடிகாரத்தின்படிதான் நடக்கிறது. அது சுரக்கும் இன்சுலின்தான் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிறது. பகலில் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். இரவில் மந்தமாகும். அதனால்தான் அதே சோற்றை நள்ளிரவில் சாப்பிட்டால் சர்க்கரை அதிகம் ஏறுகிறது.

இரவில் இருட்டும் வேண்டும். அமெரிக்காவில் சிலரை ஓர் இரவு விளக்கு வெளிச்சத்தில் தூங்க வைத்தார்கள். மறுநாள் காலை அவர்கள் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. இது 2022-இல் வெளிவந்த ஆய்வு.

நெதர்லாந்து நாட்டில் சர்க்கரை நோயுள்ள 13 பேரைச் சில நாட்கள் சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் இருக்க வைத்தார்கள். அவர்களே இன்னொரு முறை விளக்கு வெளிச்சத்தில் இருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் சர்க்கரை சரியான அளவில் நின்ற நேரம் கூடியது. ஆனால் 13 பேர் மிகக் குறைவு. இதை வைத்து வெளிச்சத்தை மருந்து என்று சொல்லிவிட முடியாது.

நடை அப்படியல்ல. அதற்கு நல்ல சான்று இருக்கிறது. வாசற்படியில் நின்ற 531 பேரைச் சென்னை மருத்துவர்கள் கவனித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. சும்மா விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடந்து, உணவையும் மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அந்த நடையைக் காலையில் வெளியே நடந்தால் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும். காசு செலவில்லை.

எத்தனை மணிக்கு நடப்பது? இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகார நேரம். ஆனால் அருணாசலப் பிரதேசத்தில் சூரியன் உதித்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குஜராத்தின் மேற்கு ஓரத்தில் உதிக்கும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் இதற்காகவே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. ஆகவே மணியைப் பார்க்காதீர்கள். உங்கள் ஊர் விடியலைப் பாருங்கள்.

நகரத்தில் பல வீடுகளில் பகலிலும் விளக்கு எரிகிறது. அங்கே இருப்பவர்கள் வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கலாம். நிழலானாலும் போதும். வீட்டு விளக்கைவிட வெளி வெளிச்சம் பல மடங்கு அதிகம். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. டெல்லி போன்ற ஊர்களில் குளிர்காலப் புகைமூட்டம் இருந்தால் வெளியே நடக்க வேண்டாம்.

இரவுக் காவல் வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் எளிதல்ல. பகலில்தான் அவர்கள் தூங்க முடியும். அவர்கள் தவறாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெளிச்சத்தை நம்பி அதை நிறுத்தக் கூடாது. 30 வயது ஆனவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் டீயும் குடிக்காமல் போங்கள். தண்ணீர் குடிக்கலாம்.