கோப்பை கையில்... வேலை காலி! ஃபுட்பால் கோச் நாற்காலியும் கோவை சொன்ன பாடமும்

2025 மே 21. ஸ்பெயினின் பில்பாவ் நகரில் யூரோப்பா லீக் இறுதிப்போட்டி. மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என வீழ்த்தி, 17 வருடங்களுக்குப் பிறகு ஒரு கோப்பையைத் தூக்குகிறது லண்டனின் டாட்டன்ஹாம் அணி. ரசிகர்கள் அழுகிறார்கள், கட்டிப்பிடித்துக் கொள்கிறார்கள். அந்த அணியின் மேனேஜர் ஆஞ்ச் போஸ்டகோக்லூ அன்றைக்கு ஹீரோ.

ஜூன் 6. அதாவது சரியாக 16 நாள் கழித்து, அதே ஹீரோவை வேலையை விட்டு அனுப்பியது அதே கிளப். காரணம், கோப்பை ஜெயித்த அதே சீசனில் பிரீமியர் லீக்கில் அணி 17-வது இடம்!

கதை அதோடு முடியவில்லை. செப்டம்பரில் அவரை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப் வேலைக்கு எடுத்தது. எட்டு போட்டிகளில் ஒரு வெற்றிகூட இல்லை. அக்டோபர் 18-ம் தேதி மறுபடியும் வீட்டுக்கு. வேலையில் இருந்தது 40 நாள்கூட இல்லை. நம் ஊரில் புது வேலைக்குச் சேர்ந்தால் இரண்டாவது மாதச் சம்பளம் வாங்குவதற்குள்ளாகவே கணக்கு முடிந்துவிட்டது.

'ஃபுட்பாலே பார்க்காத எங்களுக்கு எதுக்குங்க லண்டன் கதை?' என்று கேட்கும் காரமடை, மேட்டுப்பாளையம் வாசகர்களுக்கு ஒரு விஷயம். இந்த விளையாட்டு நம் வாசல் வரைக்கும் வந்து போயிருக்கிறது. கோவை நேரு ஸ்டேடியத்தில் இந்தியாவின் ஐ-லீக் கோப்பையையே ஓர் அணி தூக்கியிருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன்னால், இந்த 'கோச்' நாற்காலி ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

எல்லாத் திட்டும் ஒருவருக்கே ஏன்?

காரமடை அரங்கநாதர் கோயில் மாசித் தேரைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வடம் பிடிப்பவர்கள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். ஆனால் தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சக்கரத்துக்குக் கட்டை போட்டு வழிநடத்துவது சில பேர்தான். தேர் எங்காவது உரசிவிட்டால், வடம் பிடித்தவரை யாரும் கேட்கமாட்டார்கள். கட்டை போட்டவரைத்தான் கேட்பார்கள்.

ஃபுட்பாலிலும் இதே கதை. களத்தில் ஆடுவது 11 பேர், மொத்த அணியில் 25 பேருக்கு மேல். அத்தனை பேரிடமும் ஒப்பந்தம் இருக்கிறது. வீரர்களை வாங்கவும் விற்கவும் வருடத்துக்கு இரண்டு முறைதான் 'டிரான்ஸ்ஃபர்' காலம். நடுவில் அணி தோற்றுக்கொண்டே இருந்தால் கிளப் முதலாளியால் 25 பேரை மாற்ற முடியாது. ஒருவரை மாற்றலாம். அந்த ஒருவர்தான் கோச்.

இங்கிலாந்தில் இவரை 'மேனேஜர்' என்பார்கள். அந்தக் காலத்தில் பயிற்சி தருவதோடு, யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதையும் இவரே முடிவு செய்வார். இந்தியாவில் 'ஹெட் கோச்' என்று சொல்வதே அதிகம். பெயர் எதுவானாலும், தோற்றால் முதலில் கழுத்து நீட்ட வேண்டியவர் இவர்.

சென்னையின் மியூசிக்கல் சேர்

நம் மாநிலத்தின் ஐ.எஸ்.எல் அணியான சென்னையின் எஃப்.சி-யையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் உலகக்கோப்பை வீரர் மார்கோ மெட்டராஸி தலைமையில் 2015-ல் முதல் பட்டம். இங்கிலாந்தின் ஜான் கிரிகோரி வந்து, 2018 மார்ச்சில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என வீழ்த்தி இரண்டாவது பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த சீசனிலேயே அதே கோச், அதே அணி... பத்து அணிகளில் பத்தாவது இடம். 18 போட்டிகளில் 9 புள்ளிகள்தான். அப்போதும் கிளப் அவரை அனுப்பவில்லை. ஆனால் அதற்கடுத்த சீசனின் முதல் ஆறு போட்டிகளில் ஒரே ஒரு வெற்றி வந்தபோது, 2019 நவம்பர் இறுதியில் அவர் விலகினார்.

அடுத்து வந்தவர் ஸ்காட்லாந்தின் ஓவன் கோயில். இங்கேதான் ட்விஸ்ட். மூழ்கிக்கொண்டிருந்த அணியை அவர் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். ஏடிகே-விடம் 3-1 எனத் தோற்றாலும், கோச்சை மாற்றியது பலன் தந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவரைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனவர், 2021-22-ல் அந்த அணிக்கு லீக் ஷீல்டையே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

சென்னையிலோ நாற்காலி சுற்றிக்கொண்டே இருந்தது. சாபா லாஸ்லோ ஒரு சீசன். போஸிதர் பந்தோவிச் ஒரு சீசன்கூட முழுதாக இல்லை. 2022 பிப்ரவரியில் கோவா அணியிடம் 5-0 எனத் தோற்ற சில நாள்களில் அவர் கணக்கு முடிக்கப்பட்டது. மிச்சப் போட்டிகளை நம்மூர் சையத் சபீர் பாஷா தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார். பிறகு தாமஸ் பிரதாரிச் ஒரு சீசன்.

2023-ல் கிளப் என்ன செய்தது தெரியுமா? முன்பு விட்டுவிட்ட ஓவன் கோயிலையே திரும்பக் கூப்பிட்டது! அணி பிளே-ஆஃப் வரை போனது. அதற்கடுத்த சீசனில் 11-வது இடம். 2025 ஜூலையில் அவரும் கிளம்பினார். அதன்பிறகு இந்தியரான கிளிஃபோர்ட் மிராண்டா பொறுப்புக்கு வந்தார்.

மாற்றினால் ஜெயிக்குமா?

புது கோச் வந்ததும் அணி ஜெயிக்கத் தொடங்குவதைப் பல முறை பார்த்திருப்போம். உண்மையில் அது கோச்சின் மாயமா?

நெதர்லாந்தின் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல் இதைத் தோண்டிப் பார்த்தார். அந்த நாட்டு லீக்கில் தொடர்ந்து தோற்று கோச்சை மாற்றிய அணிகள் ஒரு பக்கம். அதே அளவுக்குத் தோற்றும் கோச்சை மாற்றாத அணிகள் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒப்பிட்டால், மாற்றாத அணிகளும் அதேபோல மீண்டு வந்திருந்தன!

இதில் மர்மம் ஒன்றுமில்லை. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது டாக்டரை மாற்றினால், அடுத்த நாள் காய்ச்சல் இறங்கும்போது புது டாக்டருக்குத்தானே பெயர் கிடைக்கும்? ஆனால் அது எப்படியும் இறங்கியிருக்கும்.

அதற்காக 'யாரையும் எப்போதும் மாற்றக் கூடாது' என்றும் அர்த்தமில்லை. ஓவன் கோயில் 2019-ல் செய்ததைப் பார்த்தோமே. கோபத்தில் அனுப்புவது வேறு, என்ன குறை என்று தெரிந்து சரியான ஆளைக் கொண்டுவருவது வேறு.

அனுப்புவதற்குச் செலவும் இருக்கிறது. 2024 ஜூனில் இந்திய அணியின் கோச் இகோர் ஸ்டிமாக்கை அகில இந்திய கால்பந்து சம்மேளனம் நீக்கியது. ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவருடைய ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. கடைசியில் அவருக்கு 4 லட்சம் டாலர், நம் பணத்தில் 3 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்துத்தான் விவகாரத்தை முடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்தில் எத்தனை பள்ளிகளுக்குப் பந்தும் கோல்போஸ்ட்டும் வாங்கலாம்!

அனுப்பியவர்கள் இறங்கினார்கள்... போனவர் ஏறினார்!

தப்பான ஆளை அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சினிமாக் கதை இருக்கிறது. ஏழு சீசன்கள் மும்பை எஃப்.சி-யைக் கட்டிக்காத்த கோச் காலித் ஜமீல். பெரிய பணமில்லாத கிளப்பை வருடா வருடம் லீக்கில் தக்கவைத்ததே அவர் சாதனை. 2016-ல் கிளப் அவரை விடுவித்தது.

அவரை எடுத்தது மிசோரத்தின் ஐசால் எஃப்.சி. முந்தைய சீசனில் தரமிறக்கப்பட்டு, பிறகு மறுவாய்ப்பு கிடைத்த சின்ன அணி அது. 2016-17 சீசன் முடிவில் என்ன நடந்தது? ஐ-லீக் சாம்பியன், ஐசால்! கடைசி இடம், மும்பை எஃப்.சி! அந்தக் காலித் ஜமீல்தான் 2025 ஆகஸ்ட்டில் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

இனி நம் கோவைக் கதை

சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை. ஹோம் கிரவுண்ட் நம் கோவை நேரு ஸ்டேடியம். 2017-18 ஐ-லீக் சீசனில் அந்த அணி பத்து அணிகளில் எட்டாவது இடம். அணியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2018-ல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். இந்திய ரசிகர்களுக்கு அவ்வளவு பழக்கமில்லாத பெயர். அணிக்கு வந்த வெளிநாட்டு வீரர்களும் அப்படித்தான். பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா... ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள், ஆனால் அங்கே பெரிய லீக்கில் ஆடிய ஸ்டார்கள் இல்லை. இவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடாமல், காலுக்குக் கால் பாஸ் செய்து முன்னேறும் ஆட்டம்.

2018 அக்டோபரில் கோவையில் நடந்த முதல் போட்டியிலேயே இந்தியன் ஆரோஸை 4-1 என வீழ்த்தினார்கள். மான்சி ஹாட்ரிக்! அந்த சீசன் முழுக்க அவர் அடித்தது 21 கோல்கள்.

2019 மார்ச் 9. கடைசி நாள். கோவையில் சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாபோடு மோதுகிறது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு மோதுகிறது ஈஸ்ட் பெங்கால். சென்னை சிட்டி ஜெயித்தால் கோப்பை. தடுமாறினால், ஈஸ்ட் பெங்கால் முந்திவிடும். ஆரம்பத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. முதல் பாதி முடிந்தபோது நம் ஸ்டேடியம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் பாதியில் பெனால்ட்டியில் மான்சி சமன் செய்தார். பிறகு டிஃபெண்டர் கௌரவ் போரா ஒரு கோல், கடைசி நிமிடங்களில் இன்னொரு கோல். 3-1! அங்கே ஈஸ்ட் பெங்காலும் 2-1 என ஜெயித்தது. ஆனால் பயனில்லை. சென்னை சிட்டி 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளியில் ஐ-லீக் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டு அணி ஒன்றின் கைக்கு வந்தது. எட்டாவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு வர ஒரே சீசன்தான் ஆனது.

அந்த ஒரு புள்ளியில் கோப்பையைத் தவறவிட்ட ஈஸ்ட் பெங்கால் கோச் அலெஹாண்ட்ரோ மெனெண்டஸ், அடுத்த ஜனவரியிலேயே பதவி விலகினார். ஒரு புள்ளிக்கு எவ்வளவு விலை பாருங்கள்.

கோச் போகவில்லை... அணி கரைந்தது

இதோடு 'சுபம்' போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற எஃப்.சி பாசல் கிளப் 2019-ல் சென்னை சிட்டியில் 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. ஐரோப்பாவே கோவையைத் திரும்பிப் பார்க்கிறது என்று ரசிகர்கள் நம்பினார்கள்.

ஆனால் ஜெயித்த அணியின் வீரர்களை மற்ற கிளப்புகள் சும்மா விடுமா? கோர்டில்லோ ஹைதராபாத் எஃப்.சி-க்கு. எட்வின் சென்னையின் எஃப்.சி-க்கு. 2020 தொடக்கத்தில் மான்சியும் ஜப்பான் கிளப்புக்குப் போய்விட்டார். கோச் அப்படியே இருந்தார், ஆனால் அவர் கட்டிய அணி கையை விட்டுப் போனது. பட்டத்தைத் தக்கவைக்க முடியவில்லை. மார்ச்சில் கொரோனா வந்து லீக்கையே நிறுத்தியது. அந்த வருடமே அக்பர் நவாஸும் விடைபெற்றார்.

அடுத்த சீசனுக்கு இன்னொரு சிங்கப்பூர் கோச், சத்யசாகரா. போட்டிகள் முழுக்க மேற்கு வங்கத்தில், கொரோனா கட்டுப்பாட்டு வளையத்துக்குள். முதல் ஆறு இடங்களுக்குள் அணியால் வர முடியவில்லை. அதன்பிறகு ஐ-லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை தூக்கி இரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன.

இங்கே யாரையும் கோபத்தில் துரத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். டி.வி-யில் பரபரப்பாக ஓடுவது கோச்சை அனுப்பும் செய்திதான். ஆனால் ஓர் அணி நிலைப்பதற்குக் கோச் மட்டும் போதாது. வீரர்களைத் தக்கவைக்கப் பணம் வேண்டும். வருடா வருடம் உள்ளூர்ப் பையன்களைத் தயாரித்து மேலே அனுப்பும் ஜூனியர் அணிகள் வேண்டும். தோற்கும் சீசனிலும் டிக்கெட் வாங்கி வரும் ரசிகர்கள் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் கோச் மாறினாலும் கிளப் நிற்கும். இல்லையென்றால் கோப்பை தந்த கோச் இருந்தும் கிளப் கரைந்துவிடும்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் அலெக்ஸ் ஃபெர்குசன் 1986-ல் சேர்ந்தார். முதல் மூன்றரை வருடங்கள் ஒரு கோப்பைகூட இல்லை. 'அனுப்புங்கள்' என்று ரசிகர்களே பேனர் பிடித்தார்கள். கிளப் பொறுத்தது. 1990-ல் முதல் கோப்பை வந்தது. 2013-ல் ஓய்வுபெறும்போது 13 லீக் பட்டங்கள். அந்தப் பொறுமைக்குப் பின்னால் வலுவான கிளப் ஒன்று இருந்தது. அவர் இளைஞர் அணிகளைச் சீரமைத்து, பெக்காம், ஸ்கோல்ஸ் போன்ற பையன்களை மேலே கொண்டுவர நேரமும் கிடைத்தது.

நேரு ஸ்டேடியம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. காரமடையிலும் மேட்டுப்பாளையத்திலும் சாயங்காலம் பந்து உதைக்கும் பையன்களும் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் 'நம்ம டீம்' என்று சொல்லிக்கொள்ள ஐ-லீக்கில் கோவை அணி ஒன்று இல்லை. இன்னொரு முறை ஓர் அணி இங்கே வந்தால், 'கோச் யாரு?' என்பதோடு, 'ஜூனியர் டீம் இருக்கா, அஞ்சு வருஷத்துக்குப் பணம் இருக்கா?' என்றும் நாம் கேட்க வேண்டும்.

2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில் இருந்தவரா நீங்கள்? அந்த அனுபவத்தை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும்!