160-ல் ஒரு பங்கு கூட்ஸ் வண்டி

சின்னசேலம் ரயில் நிலையத்திலிருந்து கள்ளக்குறிச்சி நகரம் சுமார் 16 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குப் புதுப் பாதை போடும் வேலையைப் பற்றி ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 160-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தப் பாதை முழுவதும் சுமார் 100 மீட்டரில் அடங்கிவிடும். வடக்கே தெரியும் கல்வராயன் மலையின் 3,000 அடி உயரம் 19 அடிகூட வராது. 58 வேகன்கள் பூட்டிய நிலக்கரி ரேக் ஒன்று, இன்ஜின் நீங்கலாக, 620 மீட்டர் நீளம். அதுவும் நாலு மீட்டருக்குள் அடங்கி, வீட்டு நடுக்கூடத்தின் சுவரோரமாக ஓடும்.

160 என்ற எண் நானாக எடுத்துக்கொண்டதல்ல. மாதிரி ரயில் செய்கிறவர்கள் உலகெங்கும் கையாளும் அளவுகளில் 1:160 ஒன்று. ஜெர்மனியின் அர்னால்டு நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 9 மில்லிமீட்டர். 'என்' அளவு என்று பெயர். அமெரிக்க வேகன், ஜெர்மன் வேகன் என்றால் பெட்டியைப் பிரித்துப் பாதையில் வைத்தால் போதும். நம் ஊரில் தினமும் ஓடும் பாக்ஸ்-என் வேகன் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் கம்பி, பிளேடு, ஸ்டீல் ஸ்கேல் இவற்றோடு உட்கார்ந்து முதலிலிருந்து செய்துகொள்வதுதான் நடைமுறை வழி. அப்படி உட்காரும்போதுதான் சுருக்குதல் என்பது எவ்வளவு ஆழமான இயற்பியல் என்று புரியத் தொடங்குகிறது. எல்லாவற்றையும் 160-ஆல் வகுத்துவிட்டால் வேகன் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வகுத்தால் வராது.

பாக்ஸ்-என் என்பது மேலே திறந்த, நிலக்கரியும் தாதுவும் ஏற்றுகிற செங்காவி நிற வேகன். கப்ளர் முதல் கப்ளர் வரை நீளம் 10,713 மி.மீ. அகலம் 3,200 மி.மீ. தண்டவாளத்திலிருந்து உயரம் 3,225 மி.மீ. புதுச் சக்கரத்தின் விட்டம் 1,000 மி.மீ. இவற்றை 160-ஆல் வகுத்தால் 67, 20, 20, 6.25 என்று அழகாக வருகின்றன. நீளங்களுக்கு வகுத்தல் சரி. எடைக்கு வரும்போது கணக்கு மாறிவிடுகிறது.

காலி பாக்ஸ்-என் 22.47 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 160-ல் ஒரு பங்காகும்போது கன அளவு 160-இன் மும்மடி, அதாவது 40,96,000 மடங்கு குறைகிறது. அந்தக் கணக்கில் காலி மாதிரி வேகன் ஐந்தரை கிராம்தான் இருக்க வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தைவிட லேசு. முழுச் சுமையோடு 81.28 டன் என்றாலும் 20 கிராம் வராது. ஆனால் 1935 முதல் இயங்கும் அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.யின் பரிந்துரையை இந்த நீளத்துக்குப் பொருத்திப் பார்த்தால் 25 கிராம் வருகிறது. மீண்டும் பெரிதாக்கினால் அது 100 டன்னைத் தாண்டும். காலி வேகனுக்குச் சுமை ஏற்றிய அசலைவிட அதிக எடையைத் தெரிந்தேதான் கொடுக்கிறார்கள்.

காரணம் பாதையில் இருக்கிறது. மேசையில் இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் 0.2 மி.மீ. மேடு பள்ளம் இருந்தால் கையால் தடவினால்கூடச் சரியாகத் தெரியாது. அசல் பாதையில் அது 32 மி.மீ. படி, அதன்மேல் எந்த கூட்ஸ் வண்டியும் ஓட முடியாது. நாம் எவ்வளவு கவனமாகப் போட்டாலும் மாதிரிப் பாதை, அதன் அளவில் பார்த்தால், மிகக் கரடுமுரடானது. ஐந்தரை கிராம் வேகன் அதில் துள்ளி விழும். வளைவில் பின்னால் வரும் வேகன்கள் இழுக்கும்போது நடுவில் உள்ளது உள்பக்கமாகச் சாயும். கூடுதல் எடை அதைத் தண்டவாளத்தோடு அழுத்தி வைக்கிறது. சக்கர விளிம்பிலும் இதே கதை. அசலில் தடத்தை விட்டு விலகாமல் பிடிக்கும் விளிம்பின் ஆழம் 28.5 மி.மீ. சுருக்கினால் 0.18 மி.மீ. இந்த விளிம்போடு நம் மேசையில் ஒரு சுற்றுகூட ஓட்ட முடியாது. ஆகவே மாதிரிச் சக்கரங்களின் விளிம்பு எப்போதும் அளவுக்கு மீறி ஆழமாகவே இருக்கும்.

சுருங்கவே சுருங்காத ஒன்றும் இருக்கிறது: கோணம். ரயில் சக்கரத்தின் ஓடுபரப்பு தட்டையானதல்ல. இருபதுக்கு ஒன்று என்ற அளவில் லேசாகக் கூம்பு வடிவம். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூம்பின் பெரிய விட்டத்திலும் உள்பக்கச் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருள, ஒரே அச்சில் இறுக்கிய இரண்டு சக்கரங்களும் தாமாகவே திரும்பிக்கொள்கின்றன. என்.எம்.ஆர்.ஏ. வகுத்த மாதிரிச் சக்கரத்தின் சாய்வு 3 டிகிரி, கிட்டத்தட்ட அதே இருபதுக்கு ஒன்று. ஆறேகால் மில்லிமீட்டர் சக்கரமும் ஒரு மீட்டர் சக்கரமும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டுத் திரும்புவதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

இனி தடிமன். நாம் அச்செடுக்கும் ஏ4 தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. 160 மடங்காக்கினால் 16 மி.மீ. தகடு. அசல் வேகனின் பக்கச் சுவரோ சில மில்லிமீட்டர் எஃகுத் தகடுதான். தாளைவிட மெல்லியதில் சுவர் எழுப்பினால் கைபட்டாலே நசுங்கும். ஆகவே கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் செய்கிறோம். கணக்குப்படி அது 40 மி.மீ. கோட்டைச் சுவர். திறந்த வேகனின் மேல் விளிம்பில் இந்தத் தடிமன் அப்பட்டமாகத் தெரியும். கைதேர்ந்தவர்கள் விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சாய்வாகத் தேய்த்து மெலிதாக்குவார்கள். பார்வைக்கு எட்டும் இடத்தில் மெலிவு, எட்டாத இடத்தில் வலிமை.

பெயின்டுக்கும் இது பொருந்தும். 0.03 மி.மீ. பூச்சு அசலில் ஏறக்குறைய 5 மி.மீ. பிரஷ்ஷால் இரண்டு தடவை பூசினால் நுணுக்கமாகச் செய்த வேலையெல்லாம் சேற்றில் புதைந்ததுபோல் ஆகிவிடும்.

எதுவரை நுணுக்கம் வேண்டும் என்ற கேள்விக்குக் கண்ணே பதில் சொல்கிறது. நல்ல பார்வை உள்ளவரின் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு ஆர்க் நிமிடம், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 30 செ.மீ. தூரத்தில் அது 0.09 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அசல் வேகனில் ஏறத்தாழ 14 மி.மீ. இந்த அளவுக்குக் கீழே உள்ள எதையும் மாதிரியில் செய்து பயனில்லை. இதையே வேறு விதமாகச் சொல்லலாம்: மாதிரியை 30 செ.மீ. தள்ளிப் பார்ப்பது அசலை 48 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் நிறங்கள் சற்று வெளுத்துத் தெரியும். அதனால்தான் செங்காவியில் கொஞ்சம் வெள்ளை கலந்து பூசுகிறார்கள். அசல் வேகனில் பூசிய அதே பெயின்டைக் கொண்டுவந்து பூசினால் மாதிரி பொம்மையாகத் தெரியும்.

பக்கச் சுவரின் நெடுக்குத் தாங்கிகளை ஒட்டும் முறையிலும் வேதியியல் ஒளிந்திருக்கிறது. பாலிஸ்டைரீன் தகட்டுக்குப் பசை தடவுவதில்லை. கரைப்பானில் தோய்த்த மெல்லிய பிரஷ்ஷை இணைப்பில் தொட்டால் போதும், திரவம் நுண்புழை விசையால் இடுக்கு முழுவதும் தானாக ஓடுகிறது. இரண்டு பரப்புகளும் கணநேரம் இளகி, நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியான பின் அங்கே ஒட்டு இருக்காது. இரண்டு துண்டும் ஒரே துண்டாகியிருக்கும். அந்த ஆவி உடம்புக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இந்த வேலை செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைப்பது நேரம். புவியீர்ப்பை யாராலும் சுருக்க முடியாது. அசல் வேகனின் மேல் விளிம்பிலிருந்து ஒரு நிலக்கரித் துண்டு உருண்டால் தரையைத் தொட 0.8 நொடி ஆகும். மாதிரியில் 20 மி.மீ. உயரத்திலிருந்து விழ 0.064 நொடி. நீளம் 160 மடங்கு குறைந்தாலும் நேரம் அதன் வர்க்கமூலமான 12.65 மடங்குதான் குறைகிறது. மாதிரி வேகன் அசலின் கம்பீரத்தோடு அசையாமல் படபடவென்று ஆடுவதன் ரகசியம் இதுதான். சிற்றளவுக் கப்பலையும் ரயிலையும் வைத்துப் படமெடுத்த சினிமாக்காரர்கள் கேமராவை அதே விகிதத்தில் வேகமாக ஓட்டி, பின்பு நிதானமாகத் திரையிட்டார்கள். இந்த அளவுக்கு நொடிக்கு 300 ஃபிரேம் வேண்டும். இன்று பல கைபேசிகளில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருக்கிறது. மாதிரி வண்டியைச் சற்று வேகமாக ஓட்டி அதில் எடுத்துப் பாருங்கள், அதன் நடையில் டன் கணக்கில் கனம் ஏறியிருக்கும்.

சுருக்குவதில் எதை விட்டுக்கொடுப்பது, எதை விடக்கூடாது என்ற இந்த அறிவு கள்ளக்குறிச்சிக்குப் புதிதல்ல. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பகுதிகளின் மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிற்ப மரபில் அங்குலம் என்பது ஸ்கேலில் இருக்கும் அங்குலம் அல்ல. செய்யப்போகும் உருவத்தின் உயரத்தையே 108, 124 என்று இலக்கணம் சொல்லும் பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கை அங்குலம் என்று கொள்வார்கள். அதில் எட்டில் ஒன்று யவம். அரையடிச் சிலைக்கும் ஆறடிச் சிலைக்கும் ஒரே இலக்கணம், ஆனால் வெவ்வேறு அளவுகோல். 1:160-க்கென்று தனியாக ஒரு ஸ்கேல் வரைந்துகொண்டு வேலை செய்கிற ரயில் மாதிரிக்காரர் கையாள்வதும் இதே வழியைத்தான். மரமோ, தன் நார்களைச் சிலையோடு சேர்த்துச் சுருக்கிக்கொள்ளாது. அரையடிச் சிலையில் நாரின் குறுக்கே மெல்லிய விரல்களைத் தனித்தனியாக விட்டால் உடைந்துபோகும். அவற்றைச் சேர்த்தும் உடலோடு ஒட்டியும் செதுக்க வேண்டியிருக்கிறது. அளவு மாறும்போது பலம் அதே விகிதத்தில் மாறாது என்பதைக் கலிலியோ 1638-ல் எழுதினார். மரம் செதுக்குகிறவர்கள் அதை உளி முனையில் அறிந்திருக்கிறார்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு கணக்கு. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. 160-ஆல் வகுத்தால் பத்தரை மி.மீ. வருகிறது. கடையில் கிடைக்கும் பாதை 9 மி.மீ. உலகின் பெரும்பகுதியில் உள்ள 1,435 மி.மீ. பாதைக்கு அது பொருத்தம். இந்திய வேகனுக்குக் கீழே வைத்தால் ஒன்றரை மி.மீ. குறுகலாகத் தெரியும். ஆனால் சின்னசேலம் வழியாகப் போகும் சேலம் – விருத்தாசலம் பாதை 2000-களில் அகலப்பாதையாகும் வரை மீட்டர் கேஜாக இருந்தது. 1,000 மி.மீ.யை 160-ஆல் வகுத்தால் 6.25. மெர்க்லின் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த 'இசட்' அளவுப் பாதை 6.5 மி.மீ. கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இன்று சின்னசேலத்தில் உரமும் அரிசியும் இறக்கும் அகலப்பாதை வேகன்களைவிட, மறைந்துபோன மீட்டர் கேஜ் வேகனைத்தான் கடைப் பாதையில் உண்மைக்கு நெருக்கமாகச் செய்ய முடியும்.

அந்த மீட்டர் கேஜ் வேகன்கள் இந்தப் பாதையிலிருந்து போய்விட்டன. புனேயில் பாவ் ஜோஷி 1998-ல் மக்களுக்குத் திறந்த சிற்றளவு ரயில் அருங்காட்சியகமும், சென்னை பெரம்பூர், திருச்சி ரயில் அருங்காட்சியகங்களும் ரயிலின் நினைவை ஓரளவு காக்கின்றன. ஆனால் இன்ஜினுக்குக் கிடைக்கும் மரியாதை கூட்ஸ் பெட்டிக்குக் கிடைப்பதில்லை. அளவு தெரிந்து செய்த மாதிரி ஒன்று வெறும் புகைப்படத்தைவிடச் சிறந்த ஆவணம். புகைப்படம் ஒரு பக்கத்தைக் காட்டும். மாதிரி செய்கிறவரோ நாலு பக்கமும் அடியும் தெரியாமல் செய்து முடிக்க முடியாது.

ஆகவே சின்னசேலம், ஆத்தூர், விருத்தாசலம் பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். பழைய மீட்டர் கேஜ் வேகனின் வரைபடமோ, பக்கவாட்டில் எடுத்த புகைப்படமோ, கதவின் உயரமும் சக்கர இடைவெளியும் குறித்த தாளோ பரணில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த நிலையம், எந்த ஆண்டு என்று பின்னால் எழுதி வையுங்கள். நிறமும் எழுத்தும் எப்படி இருந்தன என்பதையும் நினைவிலிருந்து சேர்த்து எழுதுங்கள். ஒரு வேகனைச் சரியாகச் செய்வதற்கு அவ்வளவு போதும்.