பாரநீரின் விலை

ஐதரசனுக்கு ஏறத்தாழ இருமடங்கு நிறையுடைய சமதானி ஒன்றுண்டு. தியூத்தேரியம் எனப்படும் அதனை 1931இல் ஹரோல்ட் யூரே கண்டறிந்தார். இயற்கை நீரில் ஏறக்குறைய 6,400 ஐதரசன் அணுக்களுள் ஒன்றே அது. நீரை மின்பகுக்குங்கால் இலேசான ஐதரசன் எளிதில் வெளியேறும். பாரமானது பெரும்பாலும் எஞ்சிய நீரிலே தங்கும். இவ்வாறு மீண்டும் மீண்டும் பகுத்தே நோர்வேயின் வேமோர்க் ஆலை 1934 முதல் பாரநீரைத் திரட்டிற்று.

அணுவுலையில் நியூத்திரன்களின் வேகத்தைத் தணிக்க வல்லது அந்நீர். ஆதலின் ஜேர்மனியர் அதனை நாடினர். 1943 பெப்ரவரியில் நோர்வே வீரர்கள் ஆலையின் மின்பகுப்புக் கலங்களைத் தகர்த்தனர். 1944 பெப்ரவரி 20இல், பாரநீர் ஏற்றிய பயணிகள் கப்பலைத் தின் ஏரியில் மூழ்கடித்தனர். மாண்டவர் 18 பேருள் 14 பேர் நோர்வே நாட்டவரே.

அணுக்களின் நிறைபேதத்தை விஞ்ஞானம் அளந்துவிட்டது. அந்தப் பதினான்கு உயிர்களை எத்தராசில் நிறுப்பது?