குண்டுநூலில் சிக்கும் சக்கரக் கோணல்

கொடைக்கானல் மலையிறங்கி வத்தலக்குண்டைத் தாண்டும் கார்கள், ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக் கேரளம் போகும் வண்டிகள், நான்குவழிச் சாலையில் மதுரைக்குப் பறக்கும் டாக்சிகள் என்று திண்டுக்கல் வட்டாரத்தில் டயர் படும் பாடு கொஞ்சமல்ல. வேகமாகப் போகையில் ஒரு குழியில் ‘தொம்’மென்று இறங்கினாலே முன்சக்கரங்களின் நேர் கெட்டுவிடக்கூடும். டயரைக் குறுக்கே கையால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம்போல் உறுத்தினால் ‘டோ’ தவறியிருக்கிறது.

மேலிருந்து பார்க்கையில் இரு முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் நெருங்கி நின்றால் டோ இன். விலகி நின்றால் டோ அவுட். கணக்கு மில்லிமீட்டரில்தான். ஆனால் 600 மி.மீ. விட்டமுள்ள டயர்களில், இருக்கவேண்டியதைவிட 3 மி.மீ. பிசகினால் ஒவ்வொரு சக்கரமும் கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் உரசுகிறது. மதுரை போய்ச் சேர்வதற்குள் 150 மீட்டர்!

சக்கரத்தின் மற்றக் கோணங்களான கேம்பர், காஸ்டரைப் பட்டறைக்கு விட்டுவிடலாம். டோவுக்குக் கொத்தனார் பையே போதும்.

சிமெண்ட் தரையை ரசமட்டம் வைத்துப் பார்த்து, டயர்களில் காற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது முக்கியம். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை லொடலொடத்தால் அதை மாற்றும்வரை அளப்பதில் பயனில்லை. பிறகு டயரின் நடுவில் சாக்பீஸைத் தேய்த்து, செங்கல்மேல் ஆணியை அசையாமல் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் மெல்லிய கோடு விழும். ரிம் நெளிந்திருந்தாலும் இந்தக் கோடு ஏமாற்றாது. வேலையின் சாமர்த்தியமெல்லாம் இதில்தான்.

வண்டியை இறக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, சில அடி முன்னோக்கித் தள்ள வேண்டும். அச்சின் உயரத்தில், கோட்டிலிருந்து குண்டுநூலைத் தொங்கவிட்டு, டயரின் முன்னும் பின்னும் தரையில் புள்ளி வைக்க வேண்டும். மறுசக்கரத்துக்கும் அப்படியே. வண்டியை நகர்த்திவிட்டு டேப்பால் அளந்தால், பின் அளவில் முன் அளவைக் கழித்து வருவதே டோ இன்.

எவ்வளவு இருக்கவேண்டும் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். பின்சக்கரம் தள்ளும் வண்டிகளில் ஓட்டத்தின்போது முன்சக்கரங்கள் வெளிப்பக்கம் விலகப் பார்க்கும் என்பதால் சற்று டோ இன் வைப்பார்கள். முன்சக்கரமே இழுக்கும் கார்களில் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும்.

அளவு பிசகியிருந்தால், டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, இருபக்க ராடையும் ஒரே அளவு, கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்ப வேண்டும். ஒருபக்கம் மட்டும் திருப்பினால் நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். டை ராட் அச்சுக்குப் பின்னால் இருந்தால் அதை நீட்டும்போது டோ இன் கூடும். முன்னால் இருந்தால் குறையும். ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் வண்டியை முன்னே உருட்டித்தான் அளக்க வேண்டும். நட்டை இறுக்கிய பின்னும் ஒருமுறை அளப்பது நல்லது. இறுக்கும்போதே ராட் கூடத் திரும்பிவிடுவது உண்டு.