வீட்டு அறைக்கு எத்தனை டன் ஏ.சி. வேண்டும்?

சித்திரை மாதம் பிறந்துவிட்டால் மண்டியில் விலை நிலவரம் பேசுகிறவர்கள் கூட ஏ.சி. பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். சில நாட்களுக்கு முன் நம் சங்க உறுப்பினர் ஒருவர் என்னிடம், "அண்ணாச்சி, மகள் வீட்டுக்கு ஏ.சி. வாங்கிக் கொடுக்கணும். ஒன்றரை டன் கேட்டுப் போனேன். கடைக்காரர் இரண்டு டன்னாகவே எடுத்துக்கோங்க, எதற்கும் தாராளமா இருக்கும்னு சொல்றார். என்ன செய்யலாம்?" என்று கேட்டார். இதே "தாராளமா இருக்கும்" என்ற வார்த்தையை நம்பி நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன். ஆகவே அவரிடம் சொன்னதை மற்ற உறுப்பினர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். நான் இஞ்சினியர் அல்ல, பருப்பு வியாபாரி. பட்டுத் தெரிந்துகொண்டதும், தெரிந்த மெக்கானிக்குகளிடம் கேட்டும் படித்தும் அறிந்ததும்தான் இதில் உள்ளன.

முதலில் டன் என்பது என்ன? நமக்கு டன் என்றால் 50 கிலோ மூட்டை இருபது. ஏ.சி.யில் டன் என்பது மிஷினின் எடை அல்ல. பனிக்கட்டி வியாபாரத்தில் இருந்து வந்த அளவு அது. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுவதும் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையில் இருந்து எடுத்து வெளியே தள்ளும் மிஷின் ஒரு டன் ஏ.சி. அந்த டன்னும் நம் 1,000 கிலோ டன் அல்ல. அமெரிக்காவின் 2,000 பவுண்டு டன், அதாவது 907 கிலோ. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரடெரிக் டியூடர் கப்பலில் பனிக்கட்டி ஏற்றி சென்னைக்கே அனுப்பி விற்றவர். அதைச் சேமித்து வைக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. உருகிப் போகிற சரக்கை அத்தனை தூரம் கொண்டு வந்து லாபம் பார்த்த அந்த மனிதரை, வியாபாரி என்ற முறையில் எனக்கு மெச்சாமல் இருக்க முடியவில்லை.

கணக்குக்கு வருவோம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ.; வாட்டில் சொன்னால் ஏறத்தாழ 3,517 வாட் குளிர்விக்கும் திறன். இது மிஷின் இழுக்கும் கரண்டு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கரண்டு அதில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவாகவோ ஆகும்.

இனி என் கதை. 2010-ல் மகன் கல்யாணத்தின்போது மாடி அறைக்கு ஒரு டன் ஏ.சி. மாட்டினோம். அந்த அறை 12-க்கு 15 அடி. மேலே மொட்டை மாடி, மேற்கே வெயில் விழும் சுவர். எங்கள் விருதுநகர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரவு முழுவதும் மிஷின் ஒரு நிமிடம் கூட நிற்காது, அறையும் குளிராது. கரண்டு பில் மட்டும் ஏறியது. அந்த அனுபவத்தில் சூடு கண்டு, அடுத்த ஆண்டு கீழ் அறையில் என் தாயாருக்கு ஏ.சி. வாங்கும்போது இரண்டு டன்னாகவே வாங்கினேன். அந்த அறையோ 10-க்கு 11 அடி. மேலே மாடி இருப்பதால் வெயில் இறங்காது. ஜன்னல் வடக்குப் பக்கம்.

கோடையில் ஐந்து நிமிடத்தில் ஜில்லென்று ஆகிவிடும். வருகிறவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் மிஷின் ஐந்து நிமிடம் ஓடும், கம்ப்ரஸர் நிற்கும், கொஞ்ச நேரத்தில் 'தடக்' என்று மறுபடி ஓடும். அம்மாவுக்கு வயது அப்போது 75. ஒவ்வொரு சத்தத்துக்கும் விழித்துக்கொள்வார்கள். ஐப்பசி மழை வந்ததும் நிலைமை இன்னும் மோசம். போர்வையைத் தொட்டால் ஈரம், சுவரில் பாசி வாடை, அம்மாவுக்கு மூட்டு வலி, இருமல். "எய்யா, இது செத்துச் செத்துப் பிழைக்குது. எனக்கு ஃபேனே போதும்யா" என்று சொல்லிவிட்டு ஹாலில் பாய் விரித்துப் படுக்கப் போய்விட்டார்கள். அவர்கள் நன்றாகத் தூங்கட்டும் என்று செலவழித்த பணம், அவர்களையே அறையை விட்டு வெளியேற்றியது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஏ.சி.க்கு இரண்டு வேலை உண்டு: சூட்டை எடுப்பது, ஈரத்தை எடுப்பது. உண்மையில் 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் மிஷினை வடிவமைத்ததே நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கியதைத் தடுப்பதற்காகத்தான். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கோர்க்கிறதல்லவா, அதே போல மிஷினுக்குள் குளிர்ந்த காயிலில் அறையின் ஈரம் கோர்க்கும். தொடர்ந்து ஓடினால்தான் அது சொட்டி, குழாய் வழியே வெளியேறும். அளவுக்கு மீறிய பெரிய மிஷின் சூட்டை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டு நின்றுவிடும். காயிலில் கோர்த்த தண்ணீர் வடிவதற்குள் உள்ளே ஓடும் ஃபேன் அதை உலர்த்தி அறைக்கே திருப்பி அனுப்பும். ஜில்லென்றும் இருக்கும், பிசுபிசுவென்றும் இருக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டு முழுவதும் இந்தத் தொல்லை உண்டு. அடிக்கடி நின்று ஓடுவதால் கம்ப்ரஸருக்கும் ஆயுள் குறைவு.

சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் தம்பி ஒருவர்தான் டேப் எடுத்து இரண்டு அறையையும் அளந்தார். "அண்ணாச்சி, மிஷின் இரண்டும் நல்ல மிஷின்தான். இடம்தான் மாறிப்போச்சு. மேலே உள்ளதைக் கீழேயும், கீழே உள்ளதை மேலேயும் மாட்டுங்க" என்றார். 2012 மாசியில் அப்படியே மாற்றினோம். கூலியும், கேஸும், கொஞ்சம் செப்புக் குழாயும்தான் செலவு. அம்மா தம் கட்டிலுக்குத் திரும்பினார்கள்.

அவர் போட்ட கணக்கைச் சொல்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு, 10 அடி உயர அறையில், சதுர அடிக்கு 100 பி.டி.யூ. என்று தொடங்கலாம், வாட்டில் சுமார் 30. மேலே மொட்டை மாடி என்றால் 20 சதவீதம் கூட்டவும். மேற்குச் சுவரில் வெயில் விழுந்தால் இன்னும் 10. நல்ல நிழலான அறை என்றால் 10 குறைக்கவும். இருவருக்கு மேல் படுத்தால் ஆளுக்கு 600 பி.டி.யூ. கூட்டவும். இந்த 10 சதவீதமும் 600-ம் அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் வழிகாட்டியிலும் இருக்கின்றன.

அம்மாவின் அறை 110 சதுர அடி: 11,000. நிழலுக்காக 10 சதவீதம் கழித்தால் 9,900. ஒரு டன்னுக்கும் குறைவு. நான் மாட்டியதோ 24,000! மகன் அறை 180 சதுர அடி: 18,000. மொட்டை மாடிக்கு 3,600, மேற்குச் சுவருக்கு 1,800. ஆக 23,400. அங்கே ஓடியது 12,000. கணக்கு எழுதுகிற கையால் இதை வாங்கும்முன் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டு வருட அவஸ்தை மிஞ்சியிருக்கும்.

இது மனக்கணக்குதான். பழைய வீடுகளில் 13, 14 அடி உயரம் இருக்கும்; அங்கே கூட்டித்தான் போட வேண்டும். மாடிப்படியோடு சேர்ந்த திறந்த ஹாலுக்கு இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவராது. கதவு போடாமல் அங்கே ஏ.சி. மாட்டுவது ஓட்டைச் சாக்கில் பருப்பு அளப்பது போல.

மொட்டை மாடி விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள். இரவு 9 மணிக்கு நாற்காலி மேல் ஏறி நின்று கூரையின் அடிப்பக்கம் கை வைத்துப் பாருங்கள். பகல் முழுவதும் குடித்த சூட்டைக் காங்கிரீட் அப்போதுதான் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். பெரிய மிஷின் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை மேல்தளத்துக்குச் செலவழிப்பது மேல். வெள்ளை ஓடு பதிக்கலாம். முடியாவிட்டால் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் வித்தியாசம் தெரியும். 2023-ல் எங்கள் மேல்தளத்துக்கு வெள்ளை ஓடு பதித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே தகரத் தடுப்பும் வைத்தோம். பழைய இரண்டு டன் மிஷின் ஓய்ந்ததும் அந்த இடத்தில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் மாட்டினோம். மே மாதப் பகலில் கொஞ்சம் திணறும், இரவுக்குப் போதும்.

இன்வெர்ட்டர் என்றால் பெரிதாக வாங்கினாலும் தோஷமில்லை என்று சொல்கிறார்கள். பாதி உண்மை. அதன் கம்ப்ரஸர் தேவைக்குத் தக்கபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது சரி. ஆனால் குறைவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் அதுவும் நின்று நின்றுதான் ஓடும். கால் டன் கூடினால் பரவாயில்லை, ஒரு டன் கூடக் கூடாது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. ஒன்றரை டன் என்றால் 5,275 வாட் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றரை டன் என்று விற்கும் மிஷின்களில் 4,800 வாட்டும் உண்டு, 5,200-க்கு மேலும் உண்டு. எல்லாவற்றுக்கும் பெயர் ஒன்றரை டன்தான்! நாம் ஒரு கிலோ பாக்கெட்டில் 900 கிராம் போட்டால் எடையளவு அதிகாரி விடுவாரா? ஆகவே பெட்டியின் மேல் எழுதிய டன்னைப் பார்க்காமல், நட்சத்திர லேபிளில் அச்சிட்ட வாட்டைப் பாருங்கள். அதே லேபிளில் ஆண்டுக்கு ஆகும் யூனிட்டும் இருக்கும். அது 1,600 மணி நேரத்துக்குப் போட்ட கணக்கு. தினம் 8 மணி நேரம் என்றால் 200 நாள். நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது இறுக்குவதால், லேபிளில் போட்டிருக்கும் ஆண்டையும் பார்க்க வேண்டும். பழைய ஆண்டின் ஐந்து நட்சத்திரம் புதிய ஆண்டில் நான்காகவோ மூன்றாகவோ இறங்கியிருக்கலாம்.

அந்த வாட் கூட வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. 40-ஐத் தாண்டினால் திறன் குறையும். வெளி யூனிட்டைக் காற்று போகாத சந்தில் மாட்டினால், அது தன் சூட்டையே மறுபடி இழுத்து இன்னும் குறையும். நல்ல மிஷின் வாங்கி மூலையில் ஒளித்து வைக்காதீர்கள்.

கடைக்கு ஏ.சி. போடுவது பற்றியும் சிலர் கேட்டார்கள். கதவு ஓயாமல் திறக்கும் இடம், விளக்குகளும் ஆட்களும் அதிகம். அது முற்றிலும் வேறு கணக்கு. விவரமாக இன்னொரு இதழில் எழுதுகிறேன்.