கூலி என்று கிடைக்கிறது?

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடைபெறுகிறது. மலைச்சரிவிலே விளைவித்த காய்க்கு என்ன விலை கேட்கப்படுகிறது என்பது அனைவருக்கும் வெளிப்படை. ஆயினும், 2019 ஆகஸ்டில் மலைமேல் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், 2022-இல் சராசரி 1,000 ரூபாய்க்கும் கீழிறங்கிற்று. ஏலம் விலையைக் காட்டும், தாங்கிப் பிடிக்காது.

ஆண்டிபட்டிச் சக்கம்பட்டிக் கைத்தறியாளருக்கு அந்த ஏலமும் இல்லை. நூல் கொடுத்து, துணியைக் கொள்முதல் செய்து, அது விற்குமுன்பே கூலி தரும் சங்கமே அவருக்குக் காப்பு. 1952-53-இல் சென்னை ராஜ்யமெங்கும் துணி தேங்கித் தறிகள் நின்றன. அண்ணா திருச்சி வீதிகளில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். 1953-இல் மத்திய சர்க்கார் மில் துணிக்குக் கூடுதல் வரி விதித்துக் கைத்தறிக்கும் கதருக்கும் ஒதுக்கிற்று. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் சங்கத் துணிக்கு இன்றும் விற்பனைக் களம்.

‘நியாய வாணிபம்’ என மேனாட்டார் போற்றுவதிலும் தலையானவை இரண்டு: அடக்கத்திற்குக் குறையாத விலை, வேண்டுங்கால் முன்பணம். இரண்டாவதையே நாம் எளிதில் மறக்கிறோம்.

தணிக்கையில் நான் முதலில் புரட்டுவது இலாபக் கணக்கையன்று, கூலிப் பட்டுவாடாப் பதிவேட்டை. ஒரு சங்கத்தில் (பெயர் வேண்டாம்) ஏழு வாரக் கூலி நிலுவை. தள்ளுபடி மானியம் வரவில்லை என்றார் காரியதரிசி. உண்மைதான். அதற்குள் நெசவாளர் வியாபாரியிடம் முன்பணம் பெற்று, குறைந்த கூலிக்கு அவருக்கே நெய்துகொண்டிருந்தார்.

அடுத்த பொதுக்குழுவில் நிலுவைக் கூலிப் பட்டியலை வாசிக்குமாறு அங்கத்தினர்கள் கேட்கலாம்.